குழலுக்குள் ஒரு சாசனம்

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கிருந்த படைக்கலங்கள் பீலியும் மாலையும் பெற்று, நெய் பூசப்பெற்று, பழுதின்றி விளங்கின. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஔவையார் மறுமொழி கூறினார். புறநானூற்றின் 95ஆம் பாடல் தரும் இச்செய்தி, புகழ்வது போலப் பழித்தலுக்குச் சான்றாக வகுப்பறைகளில் எடுத்துக்காட்டப்பெறும். படைக்கலத்தை மதிப்பிடும் முறை பற்றிய நுட்பமான கருத்து ஒன்றும் அதனுள் அடங்கியுள்ளது. பயன்பட்ட படைக்கலம் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்கும் என்பதே அக்கருத்து.

முன்னோர் வழியாக வந்த பழந்துப்பாக்கி ஒன்று ஒரு குடும்பத்தின் கைக்கு வரும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. இஃது எது? இதன் மதிப்பு யாது? முதல் வினாவுக்கு விடை காணாமலே இரண்டாம் வினாவுக்கு விரைவோர் பலர். சுவடியைப் படிக்குமுன் அதனைப் பழந்தாள் வணிகரிடம் எடைக்குப் போடுவதை ஒத்தது அது. இந்தியத் துணைக்கண்டத்தில் 1857க்குப் பின் வழங்கிய துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இப்பிழை மேலும் பெரிது. ஆண்டவர் ஆளப்பட்டவரை எவ்வாறு எண்ணினர் என்பதற்கான சான்று, அத்துப்பாக்கிகளின் குழலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டுள்ளது.

முதற்படி

பழந்துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முதலில் அறிய வேண்டுவது, அது கெட்டித்த நிலையில் உள்ளதா என்பதாகும். வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில், பல தலைமுறைகளுக்கு முன் இட்ட மருந்து இன்றும் வெடிக்கும் ஆற்றலோடு இருத்தல் கூடும். மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலின் வாய்வழியே இறக்கி, அது சென்று நின்ற ஆழத்தைக் குழலின் வெளிப்புற நீளத்தோடு ஒப்பிடுவர். கோல் அடிவரை செல்லாவிடில் உள்ளே ஏதோ உளது எனக் கொண்டு, அத்தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தலே முறை.

அடுத்தது, துலக்காதிருத்தல். உப்புத்தாளும் அமிலமும் துருவை மட்டும் போக்குவதில்லை. ஆண்டு, பட்டறைப் பெயர், சோதனை முத்திரை, படைப்பிரிவின் எண் ஆகியன எஃகின் மேற்பரப்பில் மிக மெல்லியனவாக வெட்டப்பட்டவை. ஓலையில் மையேற்றாத எழுத்தைத் துடைத்து அழிப்பது போல, ஒரு நாள் துலக்கலில் அவை மறைந்துபோகும். மென்துணியும் சிறிதளவு எண்ணெயும் போதுமானவை. வெட்டெழுத்தை விளக்கொளியில் சாய்த்துப் படித்து, உள்ளது உள்ளவாறே படியெடுத்துக்கொள்ளுதல் நன்று.

எழுத்துகளைப் படித்தல்

பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிகள் தம்மைப் பற்றித் தாமே நிறையப் பேசுவன. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கியில், சுத்தியைத் தாங்கி நிற்கும் பக்கத் தகட்டில் மகுடமும், விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்னும் எழுத்துகளும், ஆண்டும் காணப்படும். ‘டவர்’ என்ற சொல் இருந்தால் அது இலண்டன் கோபுரத்தில் செய்யப்பட்டது எனக் கொள்வோர் உளர். பர்மிங்காம், இலண்டன் நகரங்களின் தனியார் பட்டறைகள் ஒப்பந்தத்தில் செய்து தந்து, அரசு தணிக்கை செய்து ஏற்றவையே பெரும்பாலும் அம்முத்திரை பெற்றன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கெனச் செய்யப்பட்டவற்றில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தைக் காணலாம். அதற்கும் முற்பட்ட காலத்துக்குரியது, நான்காகப் பகுக்கப்பட்ட இதய வடிவமுடைய கம்பெனி வணிக முத்திரை.

20ஆம் நூற்றாண்டின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் இச்செய்திகள், கட்டையின் கைப்பிடிப் பகுதியைச் சூழ்ந்த எஃகு வளையத்தில் இருக்கும். மேலே மகுடம், அதன்கீழ் எட்வர்டு மன்னரைக் குறிக்கும் ஈ.ஆர். அல்லது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.; பின்னர்ச் செய்த இடம், ஆண்டு, வகை. கல்கத்தாவுக்கு அண்மையில் உள்ள இச்சாப்பூரில் செய்யப்பட்டவற்றில் ஜி.ஆர்.ஐ. என மூன்று எழுத்துகள் காணப்படும். மூன்றாவது எழுத்து ‘பேரரசர்’ என்னும் பட்டத்தின் முதலெழுத்தாகும். இந்தியா குடியரசான பின்னர் அம்மகுடத்தின் இடத்தை அசோகச் சிங்கங்கள் பெற்றன. ஓர் ஆட்சி மாற்றம் முழுவதையும் இரண்டு விரல் அகலமுள்ள எஃகில் படிக்க முடிகின்றது.

மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் குறிக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நின்றால், அத்துப்பாக்கி அரசுப் பணியிலிருந்து நீக்கி விற்கப்பட்டது எனக் கொள்ள வேண்டும். குடும்பக் கதைகளைச் சரிபார்க்க இக்குறிகள் பெரிதும் உதவுகின்றன. பாட்டனார் முதல் உலகப் போரில் ஏந்திய துப்பாக்கி என்று சொல்லப்படுவதில் 1942 என்ற ஆண்டு இருப்பின், கதை பிழைபட்டது என்பது வெளிப்படை. படைவீரர் பணி நீங்கும்போது துப்பாக்கியை அரசிடம் திருப்பித் தருவதே வழக்கம். வீடுகளில் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை, போருக்குப் பின் உபரிச் சரக்காக விலைக்கு வாங்கப்பட்டவை. இதனால் பாட்டனாரின் போர்ப்பணி பொய்யாகிவிடாது. துப்பாக்கியின் வரலாறு வேறு, அவர் வரலாறு வேறு என்பதே பெறப்படும்.

வரியழிந்த குழல்

‘ரைஃபிள்’ என்னும் பெயரே குழலின் உட்சுவரில் மரைபோலச் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்களால் வந்தது. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டின் குழல் 39 அங்குல நீளமும் 0.577 அங்குலத் துளையும் உடையது. மூன்று வரிப்பள்ளங்கள் அதனுள் சுழன்று செல்லும். மருந்து வெடிக்கும்போது ஈயக்குண்டு விரிந்து அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு, சுழன்றவாறே வெளியேறும். அச்சுழற்சியே குண்டைத் திசை பிறழாமல் நெடுந்தொலைவு செலுத்துவது. வரியற்ற வழுவழுப்பான குழலையுடைய பழைய துப்பாக்கி நூறு கெச அளவுக்கு அப்பால் குறி தவறுவது. என்ஃபீல்டு அதனைப் பன்மடங்கு விஞ்சியது.

இத்துப்பாக்கியின் தோட்டாவில் பூசப்பட்ட கொழுப்புப் பற்றிய ஐயம், 1857ஆம் ஆண்டு எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பது யாவரும் அறிந்தது. அவ்வாண்டில் சிப்பாய்களில் மிகப் பலர் கையில் இருந்தது பழைய வரியற்ற துப்பாக்கியே. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களின் பயிற்சி நிலையங்களில்தான் புதிய என்ஃபீல்டு அறிமுகமாகிக்கொண்டிருந்தது. எழுச்சி அடக்கப்பட்டது. 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து அரசியின் நேரடி ஆட்சி வந்தது. அதே ஆண்டில் ஒரு புதுவகைத் துப்பாக்கியும் வந்தது.

தோற்றத்தில் அது 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டே. அதே கட்டை, குழலைக் கட்டையோடு பிணைக்கும் அதே மூன்று பூண்கள், அதே பக்கத் தகடு. குழலின் உள்ளே மட்டும் வரிகள் இல்லை. அவை கடைந்து நீக்கப்பட்டிருந்தன. தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் பின்குறித் தகடும் நீக்கப்பட்டு, அசையாத சிறு கட்டி ஒன்று வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் வகை தொடக்கத்திலிருந்தே வரியின்றிச் செய்யப்பட்டது. இவை இந்தியச் சிப்பாய்க்கு உரியன. அவனுக்கு அருகில் நின்ற ஆங்கிலேய வீரனின் கையில் வரியுள்ள துப்பாக்கி இருந்தது. மீண்டும் ஓர் எழுச்சி நேருமாயின் எவர் குண்டு எவரை எட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அரசியின் 1858ஆம் ஆண்டு அறிக்கை குடிகள் அனைவரையும் ஒப்ப நடத்துவதாக உறுதி கூறியது. அதே ஆண்டில் கடையப்பட்ட குழல் வேறொன்றைக் கூறியது.

இன்று இவ்வகைத் துப்பாக்கி ஒன்றைப் பெற்றவர் குழலுக்குள் ஒளி செலுத்திப் பார்த்து, வரிகள் தேய்ந்துவிட்டன என்றோ, இது பழுதுபட்ட என்ஃபீல்டு என்றோ முடிவு செய்வது இயல்பு. வரலாறு அறியாத வணிகர் அக்கூற்றை ஏற்று விலையைக் குறைப்பதும் நிகழக்கூடியதே. துளையை அளந்து, பின்குறியின் வடிவையும் நோக்கினால் உண்மை புலப்படும். பழுது எனத் தோன்றுவது உண்மையில் ஓர் ஆட்சியின் கொள்கை.

ஒரே உடலில் இரு காலம்

1866இல் ஆங்கிலப் படை ஸ்னைடர் முறையை ஏற்றது. அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடர் வகுத்த வழி எளியது. பழைய என்ஃபீல்டின் குழலடியை வெட்டி, அங்கே பக்கவாட்டில் திறக்கும் கதவு போன்ற அமைப்பைப் பொருத்தினால், பின்புறமிருந்தே தோட்டாவை இடலாம். ஆகவே பக்கத் தகட்டில் 1866க்கு முந்திய ஆண்டும் பின்புறத்தில் அதற்குப் பிந்திய அமைப்பும் ஒரே துப்பாக்கியில் அமைவது குற்றமன்று. மூல ஆசிரியர் எழுதிய நூலுக்குப் பின்வந்தவர் உரை சேர்த்தது போன்ற நிலை அது.

1871இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய மார்ட்டினியின் பின்புற அமைப்பும், எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியின் ஏழு வரிக் குழலும் அதில் இணைந்தன. 1888இல் லீ-மெட்ஃபோர்டும், 1895இல் லீ-என்ஃபீல்டும் தொடர்ந்தன. இவ்வரிசையில் இந்தியப் படைவீரன் பெரும்பாலும் ஒரு படி பின்னே நிறுத்தப்பட்டான். ஆங்கிலேயன் மார்ட்டினியை ஏந்தியபோது இவன் கையில் ஸ்னைடர். அவன் லீ-மெட்ஃபோர்டைப் பெற்றபோதே இவனுக்கு மார்ட்டினி. துப்பாக்கியின் ஆண்டையும் அதன் இந்தியப் படைப்பிரிவு முத்திரையையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

அவ்விடைவெளி மறைந்தது அரசுக்குத் தேவை நேர்ந்தபோதே. 1914 செப்டம்பரில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினரிடமிருந்து பழைய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, புதிய வகை லீ-என்ஃபீல்டுகளை அங்கேயே வழங்கினர். ஐந்தாண்டுகள் கழியவில்லை, 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாகில், ஐம்பது இந்திய, கூர்க்கா வீரர்கள் ஆணையேற்று 1,650 முறை சுட்டதும் 0.303 அங்குலத் துளையுடைய அவ்வினத் துப்பாக்கிகளால்தான். இறந்தோர் 379 பேர் என ஹண்டர் குழு கணக்கிட்டது. உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதி என்பர். 1910களின் லீ-என்ஃபீல்டு ஒன்றைக் கையில் எடுப்பவர் பிரான்சின் பதுங்குகுழிகளோடு அமிர்தசரசின் மதிற்சுவர்களையும் நினைத்தல் வேண்டும். பொறிப்புகள் அவ்விடம்வரை அழைத்துச் செல்லா. அழைத்துச் செல்வது வரலாற்றறிவு.

பொய்ச் சாசனங்கள்

செப்பேடுகளில் போலி உண்டு, சுவடிகளில் இடைச்செருகல் உண்டு, துப்பாக்கிகளிலும் உண்டு. வடமேற்கு எல்லையில் கோகாட்டுக் கணவாயை ஒட்டிய தர்ரா ஆதம் கேல் முதலிய ஊர்களின் கம்மியர், கைக்கருவிகளைக் கொண்டே ஆங்கிலத் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்வதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் முத்திரைகளையும் படியெடுத்தனர். ஆங்கில எழுத்தறியாக் கம்மியர் கையில் எழுத்துகள் இடம் வலம் மாறின, சொற்கள் சிதைந்தன. விக்டோரியா அரசி 1901இல் மறைந்தார். அவர் முத்திரையையும் அதற்குப் பிந்திய ஆண்டையும் ஒருங்கே தாங்கிய துப்பாக்கி எல்லைப்புறப் படி என்பதில் ஐயமில்லை. ஏடெழுதுவோர் பிழைகளைக் கொண்டே சுவடியின் வழியை அறியும் பதிப்பாசிரியர்க்கு இம்முறை புதியதன்று.

போலி என்பதனால் அது வெறுக்கத்தக்கது எனக் கொள்ளுதல் பொருந்தாது. சுடுவதற்கு அது தீங்கானது. அதன் எஃகின் உரம் எவராலும் சோதிக்கப்படாதது. ஆயினும் பேரரசின் ஆலை செய்ததைச் சிற்றூர்க் கம்மியன் அரத்தால் செய்து காட்டியதற்கு அது சான்று. நேபாளத்தின் கஹேந்திரா துப்பாக்கியும் இங்குக் கருதத்தக்கது. கஹேந்திர ஷம்ஷேர் என்னும் தளபதியின் பெயர் பெற்ற அது, புறத்தோற்றத்தில் மார்ட்டினி-ஹென்றியை ஒக்கும். உள்ளமைப்பு வேறு, கையால் செய்யப்பட்டதால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதும் அரிது. காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கொட்டிலில் நெடுங்காலம் கிடந்த பல்லாயிரம் துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வணிகர் வாங்கிச் சென்றபோது, தேவநாகரி எழுத்துப் பொறித்த இவையும் உடன் சென்றன. தேவநாகரி எண்களைக் கிறுக்கல் எனக் கருதித் தேய்த்து அழிப்பவர், தம் கையிலுள்ளதன் பிறப்புச் சான்றையே அழிப்பவராவர்.

விலையும் மதிப்பும்

சந்தை சில அளவுகோல்களைக் கொண்டுள்ளது. முதலாவது, மூலநிலை. லீ-என்ஃபீல்டில் உடற்பகுதி, குழல், போல்ட், முன்மூக்குப் பூண் ஆகியவற்றின் எண்கள் ஒத்திருந்தால் விலை மிகும், வேறுபட்டால் குறையும். இரண்டாவது, குழலின் உள்நிலை. மூன்றாவது, அருமை, பழமையும் அருமையும் ஒன்றல்ல. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒன்று நூறாண்டு கடந்தும் மலிவாக இருக்கலாம். நான்காவது, வழிவந்த சான்று. கடிதமோ நிழற்படமோ ஆவணமோ துணைநிற்காத குடும்பக் கதைக்குச் சந்தை விலை தருவதில்லை. ஐந்தாவது, சட்டம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை தொன்மைப் பொருளாகக் கருதப்படுவதால், ஓராண்டு வேறுபாடே விலையை மாற்றவல்லது.

இவ்வளவுகோல்கள் வணிகர்க்குப் போதும், மரபுரிமையாளர்க்குப் போதா. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் உழவரும் வேட்டையாடுவோரும் உபரி லீ-என்ஃபீல்டுகளை மலிவாக வாங்கி, முன்பக்க மரத்தை அறுத்து எடை குறைத்தனர். அவை சந்தையில் சிதைக்கப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. அறுக்கப்படாத துப்பாக்கி ஆலையின் வரலாற்றைச் சொல்லும்; அறுக்கப்பட்டது அதனை அறுத்த பாட்டனின் வாழ்வைச் சொல்லும். வரி கடையப்பட்ட 1858ஆம் ஆண்டு வகையும் இத்தகையதே. துப்பாக்கி என்ற வகையில் அது குறையுடையது. சான்று என்ற வகையில் குறையுள்ள அவ்விடமே அதன் நிறைவு.

மரபுரிமையும் சட்டமும்

துப்பாக்கி வழிவழிச் செல்வமாக வழங்கும் மரபு இந்தியாவில் குடகு நாட்டில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 1857க்குப் பின் வந்த ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து 1861இல் மார்க் கப்பன் குடகர்க்கு விலக்களித்தார். ஆட்சியாளர் பக்கம் நின்றதற்கான பரிசு அவ்விலக்கு என்பதையும் மறைத்தல் தகாது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஏனைய இந்தியரை உரிமம் இன்றிப் படைக்கலம் வைத்திருக்கத் தடுத்தபோதும் அவ்விலக்கு நீடித்தது. விடுதலைக்குப் பின்னும் புதுப்பிக்கப்பட்டு, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கயில்போது விழாவில் குடகர் படைக்கலங்களை அடுக்கி வழிபட்டு, குழல்வாயில் ஒரு மலரைச் செருகுவர். துப்பாக்கிப் பூ என அவர்கள் வழங்கும் அம்மலர், தமிழ்ப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய செங்காந்தளே.

பிற பகுதிகளில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே ஆட்சி செய்கின்றது. உரிமம் பெற்றவர் மறைந்தால், அவர்தம் மரபினர் தம் பெயரில் உரிமம் பெறும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் இயலாது. மரபுரிமையாக வந்தவற்றுக்கும் இவ்வரம்பு உண்டு. உரிய காலத்தில் மீட்கப்படாதவை அரசுக்கு உரியனவாகும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது. ஆகவே துப்பாக்கி கைவிட்டுப் போவது பல குடும்பங்களில் தவிர்க்க இயலாததாகலாம். அதற்கு முன் அதன் பொறிப்புகளைப் படியெடுத்து, நிழற்படம் பிடித்து, குடும்பச் செய்தியை அதனோடு எழுதிவைத்தல் எவர்க்கும் இயலும்.

இதன் இன்றியமையாமையைத் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றே உணர்த்தும். 1855இல் தஞ்சை மராத்திய அரசமரபு வாரிசின்றி முடிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரண்மனையின் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன; அவை இன்றும் காணத்தக்கன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அக்காலத்து அதிகாரி வால்ஹவுஸ் பின்னர் 1878இல் எழுதிய கட்டுரையாலேயே இச்செய்தி கிடைக்கின்றது. உடைக்கப்பட்டவற்றில் எவர் பெயர் பொறித்திருந்தது, எந்தக் கம்மியன் குறி இருந்தது என்பன எவர்க்கும் தெரியா. அவற்றுக்கும் அன்று ஒரு மதிப்பீடு நடந்தது. எடைக்கல்லை வைத்து நடந்தது.